இந்த வரியை எந்த ஃபைல்ல எழுதுறது? எம்விசி முறையில் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன்

வைவாவில் எம்விசி என்றால் என்ன என்று கேட்டால் நம்ம எல்லாருக்கும் பதில் தெரியும். மாடல் என்பது டேட்டா, வியூ என்பது திரையில் தெரிவது, கன்ட்ரோலர் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மார்க் கிடைச்சிடும். ஆனா லேப்ல உட்கார்ந்து புராஜெக்ட் எழுதும்போது இந்தப் பதில் கைகொடுக்காது. "சீட் நிரம்பிடுச்சான்னு பார்க்கிற இஃப் கண்டிஷனை எங்கே போடுறது?" அங்கேதான் எல்லாரும் தடுமாறுவோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நாம எழுதப் போறது சிம்போசியம் ஒர்க்‌ஷாப்புக்கான பதிவு அப்ளிகேஷன். லேப்ல 40 சிஸ்டம், அதனால 40 சீட். வேற காலேஜ்ல இருந்தும் வருவாங்க. பெயர், காலேஜ், மெயில் ஐடி கொடுத்தால் சீட் உறுதி. விதிகள் இரண்டுதான்: 40க்கு மேல் போகக் கூடாது, ஒருத்தருக்கு ஒரு சீட்தான். பைத்தான், ஃபிளாஸ்க், எஸ்க்யூலைட் போதும்.

எம்விசி வெப்புக்காகப் பிறந்தது இல்லை. 1979-ல் நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழிக்காக இதை யோசித்தார். அப்போ வெப்பே கிடையாது. அந்த எம்விசியில் மாடல் மாறினால் வியூவுக்கு உடனே தகவல் போகும், வியூ தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். நம்ம வெப்பில் அப்படி இல்லை. பக்கத்தை பிரவுசருக்கு அனுப்பியதும் சர்வரின் வேலை முடிந்தது. அதன்பிறகு டேட்டாபேஸில் என்ன மாறினாலும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. இதை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

சரி, அந்த இஃப் கண்டிஷனுக்கு வருவோம். மூணு இடத்துலயும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வியூ. 40 பேர் ஆனதும் டெம்ப்ளேட்டில் பதிவு பட்டனை மறைத்துவிடலாம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 39 பேர் இருந்தப்போ பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட்டுட்டு வந்து பட்டனை அழுத்துபவருக்கு அந்தப் பட்டன் இன்னும் அங்கேயே இருக்கும். பட்டனை மறைப்பது மரியாதை, காவல் இல்லை.

அடுத்து கன்ட்ரோலர். ஃபார்ம் வந்ததும் எண்ணிக்கையைப் பார்த்து, 40 ஆகிவிட்டால் திருப்பி அனுப்பலாம். நிறைய புராஜெக்ட்களில் இங்கேதான் இருக்கும், ஓரளவு வேலையும் செய்யும். ஆனா சிம்போசியம் அன்னைக்கு வாசலில் ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் மேஜை போடுவோம் இல்லையா? அங்கே இருக்கிற ஜூனியருக்கு டெர்மினலில் ஓடும் ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கொடுப்போம். அது ஃபிளாஸ்க் கன்ட்ரோலர் வழியா போகாது, நேரா டேபிளில் எழுதும். 41-வது பெயர் அமைதியா உள்ளே வந்துடும். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தவர் கையில் உறுதி மெயில் இருக்கும், உட்கார சிஸ்டம் இருக்காது.

அதனால விதியோட இடம் மாடல். எனக்குப் பிடித்த சோதனை இதுதான்: பிரவுசரே இல்லாமல் நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்தாலும் இந்த விதி இருக்குமா? இருக்கும் என்றால் அது மாடலில் எழுத வேண்டியது. 40 சீட் என்பது நோட்டுக்கும் பொருந்தும். எந்தப் பக்கத்தைக் காட்டணும் என்பது பிரவுசர் இருந்தால் மட்டுமே வரும் கேள்வி, அது கன்ட்ரோலருக்கு. எந்த எழுத்தைச் சிவப்பில் காட்டணும் என்பது வியூவுக்கு.

மாடல் ஃபைலில் 'பதிவு செய்' என்று ஒரு ஃபங்க்‌ஷன் எழுதுங்க. பெயர், காலேஜ், மெயில் மூன்றையும் வாங்கிக்கணும். முதல் வேலை, மெயிலின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றுவது. இல்லைன்னா ஒரே ஆள் கேபிடல் லெட்டரில் ஒரு தடவை, ஸ்மால் லெட்டரில் ஒரு தடவைன்னு ரெண்டு சீட் வாங்கிடுவார். டேபிளில் மெயில் காலத்துக்கு யுனிக் என்று கட்டுப்பாடும் போட்டு வைங்க.

அடுத்ததுதான் கவனமா செய்ய வேண்டியது. எண்ணிக்கையைப் பார்ப்பதும் புதிய வரியைச் சேர்ப்பதும் இரண்டு தனி வேலைகள். கடைசி சீட்டுக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு பக்கமும் 39 என்றுதான் தெரியும், இரண்டு பேரும் உள்ளே போயிடுவாங்க. எஸ்க்யூலைட்டில் இதற்கு வழி 'பிகின் இம்மீடியட்'. கனெக்‌ஷனை ஆட்டோகமிட் முறையில் திறந்து, எண்ணுவதற்கு முன்னாடியே இந்தக் கட்டளையைக் கொடுத்தால் எழுதும் உரிமை நம்ம கைக்கு வந்துடும். கமிட் ஆகும் வரை அடுத்தவர் எழுத முடியாது, காத்திருப்பார். மெயில் ஏற்கெனவே இருக்கா, 40 ஆச்சா, இல்லைன்னா சேர், கமிட் பண்ணு. இந்த வரிசையில் போனால் போதும்.

இந்த ஃபங்க்‌ஷன் எச்டிஎம்எல் எதையும் திருப்பித் தரக் கூடாது. 'பதிவானது', 'ஏற்கெனவே உள்ளது', 'இடமில்லை' என மூன்றில் ஒரு பதில் மட்டும். வாசலில் ஓடும் புரோகிராமும் இதே ஃபங்க்‌ஷனைத்தான் கூப்பிடணும்.

கன்ட்ரோலர் இப்போ ரொம்பச் சின்னதாகிவிடும். கெட் வந்தால் ஃபார்மைக் காட்டு. போஸ்ட் வந்தால் மூன்று மதிப்புகளை எடுத்து மாடலிடம் கொடு, பதிலைப் பார்த்து வழி சொல். பதிவானதும் பக்கத்தை நேராக அனுப்பாமல் வேறொரு முகவரிக்கு ரீடைரக்ட் பண்ணுங்க. இல்லைன்னா ரிஃப்ரெஷ் பண்றவங்களுக்கு, பதிவு ஆன பிறகும் "ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள்" என்று வந்து பயமுறுத்தும்.

வியூ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் ரெண்டு எச்டிஎம்எல் ஃபைல், அவ்வளவுதான். டேட்டாபேஸ் குவெரி மட்டும் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது.

ஜாங்கோவுக்குப் போறவங்க ஒரு பெயர்க் குழப்பத்துக்குத் தயாரா இருங்க. நாம கன்ட்ரோலர் என்று சொல்வதை அங்கே வியூ என்பார்கள், நம்ம வியூவை டெம்ப்ளேட் என்பார்கள். பெயர் மாறினாலும் நோட்டுப் புத்தகச் சோதனை அங்கேயும் செல்லும்.

பயிற்சிக்கு: ஒருத்தர் வரலைன்னு ரத்து செய்தால், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்கு சீட் தானாகப் போகணும். டெம்ப்ளேட் ஃபைலையும் கன்ட்ரோலரையும் தொடாமல் முதலில் மாடலில் மட்டும் எழுதி, டெர்மினலில் ஓட்டிப் பாருங்க. ரத்து செய்வதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கணும்.