‘கசிவு’ என்னும் சொல்: கீழ்பவானிப் பாசனப் பகுதியின் நீருரிமை வழக்கு

பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில் சேர மன்னனது இயல்பின் இனிமையோடு ஒப்பிடப்பெறும் வானியாற்று நீரைப் பவானி நீரெனக் கொள்வோர் பலர். நீலகிரியில் தோன்றி, கேரளத்து அட்டப்பாடி வழியே சென்று மீண்டும் தமிழகத்துட் புகும் இவ்வாற்றின் பாசனச் சொற்கள் தனி ஆய்வுக்குரியன. அவற்றுள் ‘கசிவு’ என்பதை இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், பவானி நகரையடுத்த காலிங்கராயன் வாய்க்காலும் பவானிசாகர் அணைக்குக் காலத்தால் மிக முற்பட்டவை. இவற்றைக் குறிக்கும் ‘பழைய ஆயக்கட்டு’ என்னும் தொடரில் ‘பழைய’ என்பது காலத்தைக் காட்டிலும் முன்னுரிமையையே பேசுகிறது.

1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. செல்லும் கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். முழுப்பரப்பிற்கும் ஒருசேர நீர் போதாமையின் மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பகுக்கப்பெற்றன. ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்குமாக முறைமாற்றி நீர் விடப்படுகிறது. மதகின் எண்ணைச் சுட்டிய சொல் அது பாய்ச்சும் நிலத்திற்கும் அடையாயிற்று.

இவ்வாய்க்கால் மண்ணால் அமைந்தது, ஆதலின் கசியும். பொறியியற் கணக்கில் கசிவு இழப்பின்பாற்படும். வாய்க்காலுக்குக் கீழே, மதகுநீர் உரிமை பெறாத நிலத்தார்க்கோ அதுவே கிணற்றின் ஊற்று. பள்ளத்தில் ஓடும் நீரும் அதுவே. (கொங்கு வழக்கில் பள்ளம் சிற்றோடையையும் குறிக்கும்.) அண்மைக்காலத்தில் கரைகளுக்குக் கான்கிரீட் இடும் சீரமைப்புத் திட்டம் எழுந்தபோது, கடைமடைக்கு நீர் சேரும் என்று ஒரு சாரார் அதனை வரவேற்றனர்; கிணறுகள் வற்றும் என்று மற்றொரு சாரார் எதிர்த்தனர். இருவரும் உழவரே என்பது கருதத்தக்கது.

பூசலின் ஒரு கூறு சொல்லில் உள்ளது. ‘நீர் இழப்பு’ என்னும்போது கசிவு தடுக்கத்தக்கதாகிறது. ‘கசிவுநீர்ப் பாசனம்’ என்னும்போது, பாசனம் என்ற சொல் சேர்ந்தமையாலேயே, அது காக்கத்தக்க உரிமையாகிறது. எனினும் மதகுநீர் பெறும் நிலத்திற்குள்ள சான்று இந்நிலத்திற்கு இல்லை. இதற்கென ஒரு மதகெண் கிடையாது. வாய்க்கால் திறந்தபின் உயர்ந்து, அடைத்தபின் தாழும் கிணற்று நீர்மட்டமே அவர்தம் சான்று.