திருவருகைக் காலமும் காப்பிப் பழமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

முன்னுரை

"கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை எடுத்தாயிற்றா?" டிசம்பர் பிறந்ததும் வகுப்புத் தோழர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை எங்களிடம் கேட்பது வேறொரு கேள்வி: "உள்ளம் ஆயத்தமாயிற்றா?" அதற்கு விடை தேடும் நாட்களே திருவருகைக் காலம்.

காலமும் கருத்தும்

எங்கள் வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அந்த ஞாயிறு வரும். நான்கு ஞாயிறுகள் கொண்ட இக்காலம் 22 முதல் 28 நாட்கள் நீடிக்கும். டிசம்பர் 16 வரை, ஆண்டவர் மீண்டும் வரப்போவதை வாசகங்கள் நினைவூட்டும். 17 முதல் பெத்லகேமை நோக்கித் திரும்பும். ஏறக்குறைய அதே நாளில்தான் நம் மார்கழியும் பிறக்கிறது.

குருவானவர் ஊதா உடை அணிவார். மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பு அணிவதுண்டு. இயேசு பிறந்த இரவில் வானவர் பாடிய கீதம் இந்த ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. அந்த இரவுக்கெனக் காத்து வைக்கப்படுகிறது. வாரம் ஒன்றாக ஏற்றப்படும் நான்கு மெழுகுவர்த்திகளின் வழக்கம், 1839-இல் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்னும் லூத்தரன் போதகர் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது.

கார்த்திகையில் மாலை அணியும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விழாவின் இன்பம் விரதத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். எங்களுக்கோ, தவக்காலத்தைப் போல இக்காலத்தில் கட்டாய நோன்பு நாட்கள் இல்லை. அதனால் குடில் கட்டும் ஆரவாரத்தில் உள்ளத்தை மறந்துவிடுகிறோம்.

மலை கற்பித்த பாடம்

நான் பிறந்த ஏற்காடு, சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே திருவருகைக் காலம் காப்பிப் பழம் பறிக்கும் காலம். மார்ச், ஏப்ரல் மாதக் கோடை மழைக்குப் பூத்த பூ, எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழமாகும். கன்னிமரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாளும் மார்ச் 25 தான்! ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் சேர்ந்தே இருக்கும். அதனால் பழுத்ததை மட்டும் பார்த்து, பல சுற்றுகளாகப் பறிக்க வேண்டும்.

சிறுவயதில் சனிக்கிழமைகளில் அம்மாவோடு பறிக்கப் போவேன். எடைக்குத்தான் கூலி. ஒருநாள் எடை கூடட்டுமென்று பச்சைக் காய்களையும் உருவிப் பையில் போட்டேன். மேஸ்திரி பார்க்குமுன் அம்மா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சாக்கின்மேல் கொட்டி, இருட்டும் வரை பச்சையைப் பொறுக்க வைத்தார். அன்று கூலி குறைந்தது. "எடையைக் கூட்டிடலாம்டா, காயைப் பழமாக்க முடியுமா?" என்று மட்டும் சொன்னார்.

மனச்சாட்சியை ஆராய்ந்து ஒப்புரவு அருட்சாதனம் பெறுவதும் இத்தகைய பொறுக்குதலே. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்ட மக்களுக்குத் திருமுழுக்கு யோவான் அரிய தவம் எதையும் விதிக்கவில்லை. இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். அவரவர் தொழிலிலேயே ஆயத்தம் இருக்கிறது.

முடிவுரை

என் பையிலும் ஒரு பச்சைக் காய் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். முதலாண்டில் தோழர்கள் கேட்டபோது, "அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை" என்றேன். அலுவலக வேலை என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. குருவானவரிடம் இதை அறிக்கையிட்டுவிட்டேன். தோழர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

நண்பர்களே, என் அம்மா காப்பிப் பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி. இக்கட்டுரையிலுள்ள நல்ல கருத்து அவருடையது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் ஆயத்தம் இதுவே.