வரம்போரப் பொடுதலையும் பூசினிக் காய்ப்பும்

பூசினிப் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிருமாயின், பசளை போதவில்லையென எண்ணி மேலும் பசளையிடுவோர் பலர். அச்செலவைச் செய்யுமுன் ஒரு சோதனை செய்து பார்த்தல் நன்று. பூசினிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே காலை 8 மணிக்கு முன் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தை நான்கைந்து பெண் பூக்களின் நடுவே தடவி, அவற்றின் காம்பில் நூல் கட்டி விடுக. ஒரு வாரத்தின் பின் நூல் கட்டியவை தேறி மற்றவை உதிர்ந்திருந்தால், குறைந்தது பசளையன்று, தேனீயே. (பழ ஈ குத்திய பிஞ்சும் உதிரும், அதனை வெட்டினால் உள்ளே புழு காணப்படும்.)

கொடி பூக்காத மாதங்களிலும் தேனீக்கு உணவு வேண்டும். களைநாசினி தெளித்து வெறுமையாக்கிய வரம்புக்கு அது எதை நாடி வரும்? இக்குறையைத் தீர்க்க, நம் ஈரநிலங்களில் இயல்பாக வளரும் பொடுதலை ஏற்றது. தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சும் அதே பூண்டுதான். பல்லாண்டு வாழ்வது, நிலத்தோடு படர்ந்து கணுத்தோறும் வேர்விடுவது. பூக்கொத்தில் அடியிலிருந்து மேலாக வளையம் வளையமாகப் பூக்கள் விரிவதால் ஒரே கொத்து பல நாட்கள் தேன் தரும். நெல்லுக்கு மகரந்தம் சேர்ப்பதற்குத் தேனீ வேண்டியதில்லை. எனினும் தண்டு துளைப்பானின் முட்டைகளை அழிக்கும் நுண்குளவிகளுக்கு இத்தகைய சிறுபூக்களின் தேன் உணவாகும்.

தண்டை நட்டாலும் இது பிழைக்கும். ஆனால் வேரோடு பெயர்த்த மண்ணில் கோரைக்கிழங்கும் கூடவே வந்து சேரும். ஆதலால் விதையே மேல். பழுப்பேறி உலர்ந்த கொத்துகளைக் கொய்து நிழலில் காயவைத்து உள்ளங்கையில் தேய்த்தால் விதை உதிரும். ஆற்றுமணலும் மக்கிய எருவும் சலித்துக் கலந்த ஆழமற்ற பெட்டியில், புரட்டாதியில் அதனைத் தூவி, பலகையால் மெல்ல அழுத்துக. மண் மூடலாகாது, விதை மிக நுண்ணியது, வெளிச்சமும் வேண்டும். பூவாளி நீர் விதையை ஒதுக்கிவிடும். எனவே அடியில் துளையிட்ட பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஈரம் கீழிருந்து ஏறச் செய்க. எல்லா விதையும் ஒரேநாளில் முளையா. பெட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம்.

நாற்று ஆறு இலை விட்டதும், பெரும்போக மழை ஈரத்தில், 1 அடி இடைவெளியில் நடுக. ஆண்டுதோறும் செதுக்கிச் சேறு பூசும் உள்வரம்பு இதற்கு உதவாது. வாய்க்கால் கரையும் புறவரம்புமே தக்கவை. மரக்கறிப் பாத்திக்குள் ஒருபோதும் நடாதீர்கள். படர்ந்து புகுமாயின் மண்வெட்டியால் ஓரத்தை வெட்டிவிடுக.

பூச்சிநாசினி தெளித்தே ஆகவேண்டுமெனின், தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப்பொழுதில், காற்றடங்கியபின், பூத்த கரையில் படாதவாறு தெளித்தல் வேண்டும்.