மின்கலம் பேணுதல்

எரிபொருள் கலன் நிரம்பியிருந்தாலும் வெறுமையாய் இருந்தாலும் அதற்குக் கேடில்லை. மின் மகிழுந்தின் மின்கல அடுக்கு அத்தகையதன்று. நாம் மின்னேற்றும் முறைக்கேற்ப அதன் ஆயுள் நீளும் அல்லது குறுகும். வண்டியின் உறுப்புகளுள் பொதுவாக விலைமிகுந்ததும் அதுவே. கடன்பெற்று வாடகை மகிழுந்து ஓட்டும் ஒருவருக்கு, நாள்தோறும் எவ்வளவு மின்னேற்றுவது என்பது பிழைப்பைத் தொடும் வினா.

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் மின்பகுளி வழியே சென்று கிராபைட் அடுக்குகளின் இடையே அமர்கின்றன. வண்டி ஓடும்போது திரும்புகின்றன. கிராபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. மின்கலத்தைக் காப்பதும் அப்படலமே. தடிக்குந்தோறும் லித்தியத்தை விழுங்கி அதன் கொள்திறனைக் குறைப்பதும் அதுவே. வெப்பமும், முழு மின்னேற்றத்துடன் நெடுநேரம் நிற்றலும் இவ்விழப்பை விரைவுபடுத்துகின்றன.

ஆகவே அன்றாட ஓட்டத்திற்கு 80 விழுக்காடு போதும். 20 விழுக்காட்டிற்குக் கீழே அடிக்கடி இறங்கவிடாதிருத்தல் நன்று. நெடும்பயணத்திற்கு முழுமையாக ஏற்றலாம். ஆனால் புறப்படும் வேளையை ஒட்டி நிறைவுறுமாறு ஏற்றவேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இதற்கு விதிவிலக்கு. இடைப்பகுதியில் அதன் மின்னழுத்தம் பெரிதும் மாறாததால், எஞ்சிய அளவைக் கணிப்பதில் வண்டியின் கட்டுப்பாட்டமைப்பு தடுமாறும். எனவே வாரம் ஒருமுறை முழுமையாக ஏற்றுமாறு தயாரிப்பாளர் சிலர் கூறுவர். எவ்வகை என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்தறிதல் முதற்கடமை.

விரைவு மின்னேற்றத்தைப் பேருந்து ஏறும் கூட்டத்தோடு ஒப்பிடலாம். இருக்கைகள் காலியாக உள்ளபோது எல்லாரும் விரைந்து அமர்வர். நிரம்ப நிரம்ப இடம் தேடவேண்டும். அந்நிலையில் நெருக்கித் தள்ளினால் அயனிகள் உள்ளே நுழைய இயலாமல் மேற்பரப்பிலேயே உலோகமாய்ப் படியும். 80 விழுக்காட்டிற்குப் பின் மின்னேற்றி வேகத்தைக் குறைப்பது இதனாலேயே. விளம்பரங்கள் விரைவையே புகழ்கின்றன. இரவு முழுதும் வீட்டில் நிற்கும் வண்டிக்கு அவ்விரைவு எதற்கு? நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டிக்கு அது தேவைப்படலாம். அவ்வாறாயினும் சித்திரை வெயிலில் ஓடிவந்த வண்டியை நிழலில் சற்று ஆறவிட்டு ஏற்றுதல் நலம்.

ஊர் சென்று ஒரு திங்கள் கழித்துத் திரும்புவோர், ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றத்துடன் வண்டியை நிழலில் நிறுத்திச் செல்லலாம்.