இடிபாட்டிலிருந்து எழுந்த நகரம்

2001ஆம் ஆண்டு ஜனவரி 26. நாடெங்கும் குடியரசு நாள் விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. அன்று காலை குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் நிலம் அதிர்ந்தது. அஞ்சார் நகரில் ஊர்வலமாகச் சென்ற மாணவர்கள்மீது, குறுகிய தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. அந்த நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உதவ வேண்டிய அரசுப் பணியாளர்களுள் பலர் தாமே உற்றாரை இழந்து நின்றனர். புஜ் நகரின் அரசு மருத்துவமனையும் இடிந்து வீழ்ந்தது. பல மாநிலங்களிலிருந்து உணவும் உடையும் வந்து குவிந்தன. ஆயினும், சாலையோர ஊர்களுக்கு மிகுதியாகவும் தொலைவிலிருந்த சிற்றூர்களுக்குக் குறைவாகவும் அவை சென்றன. கொடுக்கும் கைகள் பல இருந்தும், அவற்றை ஒருங்கிணைப்பது அரிதாயிற்று. எனவே, குஜராத் அரசு அடுத்த மாதமே பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒன்றை அமைத்தது.

ஊரையே வேறிடத்துக்கு மாற்றலாம் என்ற கருத்தைப் பல ஊர் மக்கள் ஏற்கவில்லை. ஆகவே, அவரவர் மனையில் அவரவரே வீடு கட்டிக்கொள்ள அரசு தவணைகளில் பணம் வழங்கியது. நிலநடுக்கத்தைத் தாங்கும் முறையில் வீடு எழுகிறதா எனப் பொறியாளர் பார்த்த பின்னரே அடுத்த தவணை கிடைத்தது.

புஜ் நகரின் பழைய பகுதியில் சிக்கல் வேறு. தெருக்களை அகலப்படுத்தாவிடில் மீண்டும் அதே இடர் நேரும். அகலப்படுத்தினாலோ மக்கள் தம் மனையில் ஒரு பகுதியை இழக்க நேரும். மக்களிடம் கருத்துக் கேட்டனர். சிறிய மனையில் குறைவாகவும் பெரிய மனையில் மிகுதியாகவும் நிலம் எடுப்பதென முடிவாயிற்று. அதற்குள் காலம் கடந்தது. சிற்றூர்களில் புதுவீடுகள் எழுந்தபோது, நகர மக்கள் தற்காலிகக் குடில்களில் காத்திருந்தனர்.

விரைந்து கட்டினால் பழைய பிழை தங்கிவிடும். ஆராய்ந்து கட்டினால் வீடிழந்தோர் காத்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே ஆட்சியாளரின் கடினமான பணி. புஜ் நகரின் அகன்ற தெருக்கள் அந்தக் காத்திருப்பின் பயனாகும்.

சொற்பொருள்
உற்றார் – உறவினர்
இடர் – துன்பம்
மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்
குடில் – சிறு வீடு

விடையளிக்க
1. உதவிப் பொருள்கள் எல்லா ஊர்களையும் ஒன்றுபோல் சென்றடையாதது ஏன்?
2. அடுத்த தவணைப் பணம் எப்போது வழங்கப்பட்டது?
3. பிரித்து எழுதுக: வேறிடம், சிற்றூர், இவ்விரண்டு.

சிந்தித்து எழுதுக
உன் வீட்டு மனையில் ஒரு பகுதியைத் தெருவுக்காகக் கேட்டால், கேட்க வந்த அதிகாரியிடம் என்னென்ன வினவுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.