தோல் காய்ந்தால் பம்ப் செத்ததாகாது

கேள்வி: சென்னை காலடிப்பேட்டையில் என் தாத்தா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையை மூடி முப்பது வருஷம் ஆகிறது. போன வாரம் பரணிலிருந்து அவருடைய காத்தடிக்கிற பம்ப்பை இறக்கினேன். பித்தளைக் குழாய், மரக் கைப்பிடி, இரும்புக் கால்மிதி. குழாயில் தாத்தாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். ஓஸைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினாலும் கைப்பிடி சொத்தென்று இறங்குகிறது. எடைக்குப் போடச் சொல்கிறார்கள். பாலிஷ் போட்டு அலமாரியில் வைப்பதா, மறுபடி காத்தடிக்க வைக்க முடியுமா?

பதில்: முடியும். எடைக்குப் போடாதீர்கள். பாலிஷ் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

விரலால் அடைத்துப் பார்த்தது நல்ல வேலை. பாதிச் சிக்கல் அதிலேயே தெரிந்துவிட்டது. கைப்பிடித் தண்டின் அடியில், கவிழ்த்த சின்னக் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அமுக்கும்போது காற்று அதன் விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்ட வைக்கிறது; தூக்கும்போது விளிம்பு தளர்ந்து புதுக் காற்றுக்கு வழிவிடுகிறது. முப்பது வருஷம் எண்ணெய் காணாத தோல் சுருங்கிப்போயிருக்கும். விளிம்பு சுவரைத் தொடாது. மற்றபடி அந்தப் பம்ப்புக்குப் பெரிய கேடு எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

மேல்மூடியைக் கையாலேயே திருகுங்கள். வழுக்கினால் பழைய டியூப் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். இறுகியிருந்தால் மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுங்கள். பைப் ரெஞ்ச் மட்டும் வேண்டாம். மெல்லிய பித்தளை நசுங்கினால் பிறகு எந்த வாஷரும் அதில் ஓடாது. தண்டை உருவியதும் நட்டு, தகடு, தோல் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் காற்று ஏறாது.

தோலில் வெடிப்பு இல்லையென்றால் ஒரு ராத்திரி முழுக்க விளக்கெண்ணெயில் ஊறட்டும். காலையில் விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிடுங்கள். மோட்டார் ஆயில், கிரீஸ் ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் துளி எண்ணெய் காற்றோடு போகும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, வால்டியூப் கொழகொழத்துவிடும். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்காது. அந்தக் காலத்துக் கார்களின் பிரேக் எண்ணெயே விளக்கெண்ணெய் கலந்ததுதான். மண்ணெண்ணெயில் கழுவினால் தோலில் மிச்சமிருக்கும் பசையும் போய்விடும்.

வெடித்திருந்தால் பழையதை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ரட்டன் பஜார் சைக்கிள் கடைகளில் கேளுங்கள். அளவு கிடைக்காவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். பெரியமேடு தோல் கடைகளில் பட்டையில் பதனிட்ட தோல் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டரை மில்லி கனத்தில். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. அந்த வகைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, தோலோடு சேர்ந்து குழாய்க்குள் நுழையும் அளவுள்ள கட்டையின் மேல் கவிழ்த்துக் கட்டி நிழலில் காயவிட்டால் கிண்ண வடிவம் நிற்கும். குரோமில் பதனிட்ட செருப்புத் தோலில் அது நிற்காது. வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, பிறகு எண்ணெயில் ஊறவையுங்கள்.

வாஷர் சரியான பிறகு, அமுக்கிவிட்ட கைப்பிடி தானாக மேலே எழும்பினால் அடியில் உள்ள வால்வில் களிம்பு அடைத்திருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்தால் போதும். குழாயின் உள்ளே துணியைத் தவிர எதையும் விடாதீர்கள். உப்புக்காகிதம் போட்ட கீறல் ஒவ்வொன்றும் புதுத் தோலைத் தின்னும்.

உங்கள் ஊர்க் கடல்காற்றுக்குப் பித்தளை தாங்கும். தண்டும் கால்மிதியும் தாங்காது. எண்ணெய்த் துணியால் துடைத்து, கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். கைப்பிடி மரத்தை இழைக்க வேண்டாம். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்த பிறகு தொழிலாளர்கள் ஷிப்டுக்கு சைக்கிளில் போன சாலை உங்களுடையது. அந்த மரத்தின் வழவழப்பு, அந்தச் சைக்கிள்களுக்குக் காத்தடித்து உங்கள் தாத்தாவின் உள்ளங்கை போட்டது.

குழாயின் வெளிப்புறத்துக்குப் புளி போதும். தேய்த்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் திரவம் பித்தளையில் விரிசலை உண்டாக்கலாம். வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் இந்தியாவில் அப்படித்தான் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியா. பஃப் சக்கரத்துக்கும் கொடுக்காதீர்கள். பெயர் வெட்டிய புள்ளிகள் ஆழமில்லாதவை. பளபளப்பு வரும், பெயர் போய்விடும்.

அலமாரி யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா நின்றால் தோல் மறுபடி காயும். மாதம் ஒருமுறை தண்டின் ஓரமாக இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, பம்ப்பை வாசலில் வையுங்கள். தெருப் பிள்ளைகள் சைக்கிளோடு வருவார்கள்.