வீட்டில் முருகைத் தொட்டியைப் பராமரித்தல்

முருகைக்கல் என நாம் வழங்குவது வெறுங் கல்லன்று. சிறு கடற்பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடாகும். அப்பிராணிகளின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதிற் பெரும் பங்கை அவற்றுக்கு அளிக்கின்றன. ஆகவே, உயிர் முருகையை வளர்ப்பவர் பிராணியையும் பயிரையும் ஒருங்கே பேணுபவராவர். மண்ணையும் நீரையும் அறிந்த கமக்காரருக்கு இம்முயற்சி முற்றும் புதிதன்று.

1. நீர்

கிணற்று நீரை உபயோகித்தல் ஆகாது. உரம் மிகுதியாக இடப்படும் தோட்டங்களை அடுத்த கிணறுகளில், சிறப்பாக யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பிரதேசத்தில், நைத்திரேற்றுக் கலந்திருக்கும். பயிருக்கு உரமாவது இங்கே வேண்டாத பாசியை வளர்த்து முருகையை மூடிவிடும். காய்ச்சி வடித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கறியுப்பிற் கல்சியமும் மகனீசியமும் போதாமையால் அது பயன்படாது.

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; உப்பளங்களில் நாம் காண்பதும் இதுவே. எனவே, குறைந்த அளவுக்கு நாள்தோறும் உப்பில்லாத தூயநீரையே ஊற்றுக.

2. தொட்டியைப் பண்படுத்தல்

கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வயல் மண்ணிலும் இதுவே நிகழ்கின்றது. தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 கிழமைகள் செல்லும். சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போகுமுன் முருகையை இடுவது, நிலத்தைப் பண்படுத்தாது நாற்று நடுவதை ஒக்கும்.

3. வெப்பமும் ஒளியும்

வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசில் நிற்றல் நன்று. வெப்பம் மிகுந்தால் முருகை தன் பாசிகளை வெளியேற்றி வெளிறும். அந்நிலை நீடித்தால் மடியும். 1998 ஆம் ஆண்டிற் கடல் வெப்பமடைந்தபோது ஹிக்கடுவையின் முருகைகளிற் பெரும்பாலானவை இவ்வாறே அழிந்தன. தொட்டியைச் சன்னலருகே வெயிலில் வையாது, விளக்கொளியில் வைத்து, நீரோட்டம் ஓயாது பேணுக. மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் அவசியம்.

4. சுண்ணாம்பு

முருகை தன் கூட்டைக் கட்டுவதற்குக் கல்சியம் வேண்டும். ஒரு லீற்றரில் 400 முதல் 450 மில்லிகிராம் இருத்தல் தகும். தூய நீறிய சுண்ணாம்பின் தெளிநீரை இரவிலே துளித்துளியாக விடலாம். ஒரேயடியாக ஊற்றினால் நீரின் காரத்தன்மை சடுதியாக ஏறி உயிர்கள் மடியும். வயலுக்கு இடும் சுண்ணாம்பு இதற்கு ஏற்றதன்று.

5. செம்பு

பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் போடோக் கலவையிற் செம்பு உண்டு. அது சிறிதளவிலும் முருகையைக் கொல்லும். மருந்து கலந்த வாளியையோ கழுவாத கையையோ தொட்டியில் இடாதீர்கள்.

6. நாற்றைப் பெறுதல்

கடலிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுத்தல் இலங்கையிற் சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. மரவள்ளித் தடியை வெட்டி நடுவதுபோல், தொட்டியில் வளர்ந்த தாய் முருகையின் துண்டுகளிலிருந்து புதியன வளரும். அவ்வாறு பெருக்கப்பட்டவற்றையே, உரிய அத்தாட்சிகளைக் கேட்டறிந்து பெறுக.

இருவாரத்துக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றி, சோதனை அளவுகளைக் கொப்பியிற் குறித்து வருக. பொறுமையுடையோர்க்கே இது கைகூடும். பொறுமையில்லாதவர் கடலிலுள்ள முருகையைக் கடலிலேயே கண்டு மகிழ்வதே நன்று.